பத்தாம் வகுப்புக்குப் பிறகு எலெக்ட்ரீஷியன்: ஐடிஐயா, டிப்ளமோவா, நேரடியாக வேலையா?

பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வந்துவிடும். அதையொட்டியே ஐடிஐ, பாலிடெக்னிக் இரண்டுக்கும் விண்ணப்பம் தொடங்கிவிடும். கரண்ட் வேலையில் நாட்டமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் யோசிக்கக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "டிப்ளமோ முடித்தால் சூப்பர்வைசர், ஐடிஐ முடித்தால் கடைசிவரை கையில் ஸ்குரூ டிரைவர்தான்" என்பார் ஒருவர். "படிப்பெல்லாம் எதற்கு, என்கூட சைட்டுக்கு வரட்டும், ஒரு வருஷத்தில் தொழில் கைக்கு வந்துவிடும்" என்பார் ஒயரிங் எடுத்துச் செய்யும் மாமா. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தப் பேச்சுகளை நம்பி ஒரு பிள்ளையின் முப்பது வருட வேலையை முடிவு செய்துவிடக் கூடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் தடுமாறாத பிள்ளை, மூன்று வருடம் வருமானத்தை எதிர்பார்க்காத வீடு என்றால் டிப்ளமோ சரி. மற்ற பெரும்பாலானவர்களுக்கு அரசு ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவு, அதன்பின் ஒரு நிறுவனத்தில் ஒரு வருட அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர் பயிற்சி, இதுதான் நல்ல வழி. நேரடியாக வேலைக்குப் போவதைக் கடைசியில்தான் வைப்பேன். ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படித்த சான்று வேறு, உரிமம் வேறு

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஐடிஐயில் கிடைக்கும் தேசியத் தொழிற் சான்றிதழ், பாலிடெக்னிக்கில் கிடைக்கும் டிப்ளமோ இரண்டும் படிப்புக்கான சான்றுகள். ஒரு கட்டடத்தின் மின் அமைப்பைச் சட்டப்படி செய்வதற்கும் அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவதற்கும் வேறு தாள் தேவை. தமிழ்நாட்டில் அதைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். தொழிலில் இருப்பவர்கள் எச், பி, சி லைசென்ஸ் என்று சொல்வது இதைத்தான். எச் என்பது கம்பியாள் உதவியாளருக்கு, பி என்பது கம்பியாளுக்கு, சி என்பது மேற்பார்வையாளருக்கு. இவற்றுக்கு மேலே ஒப்பந்ததாரர் உரிமம் தனியாக இருக்கிறது. புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்கும்போது, ஒயரிங் முடிந்து சோதிக்கப்பட்டது என்ற அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையெழுத்து வேண்டும். வேலையை ஒருவர் முழுக்கச் செய்துவிட்டு, அந்தக் கையெழுத்துக்காக இன்னொருவரிடம் பணம் கொடுத்து நிற்பது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. வேலை தெரிந்தவருக்கே அந்த உரிமம் இருந்தால் பணமும் மரியாதையும் அவரிடமே தங்கும்.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும், அது எந்த லைசென்ஸ் வரை கொண்டுபோய் விடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிப்ளமோக்காரர்களுக்கு அனுபவச் சான்றோடு சி வரை போவது எளிது. ஐடிஐ முடித்து அப்ரண்டிஸும் முடித்தவர்களுக்கு பி நேர்ப்பாதை. எந்தச் சான்றும் இல்லாதவர் எச் லைசென்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐடிஐ: இரண்டு வருடத்தில் என்ன கிடைக்கிறது

எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். படிப்பு இரண்டு வருடம். கம்பியாள் பிரிவும் இரண்டு வருடம்தான், ஆனால் அதற்கு எட்டாம் வகுப்பு போதும். பத்து தேறியவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் எலெக்ட்ரீஷியனையே எடுக்கலாம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், கன்ட்ரோல் பேனல் எல்லாம் அதில் விரிவாக வரும். தொழிற்சாலைகளும் அந்தப் பெயரைத்தான் அதிகம் கேட்கின்றன. எட்டாவதோடு நின்றுபோன பிள்ளைக்குக் கம்பியாள் பிரிவு உண்மையிலேயே ஒரு பெரிய வாய்ப்பு.

முதல் வருடம் ஜாயின்ட் போடுவது, எர்த்திங், வீட்டு ஒயரிங், மீட்டர்கள் என்று போகும். இரண்டாம் வருடம் மோட்டார் காயில் கட்டுவது, ஸ்டார்ட்டர் இணைப்பு, பேனல், இன்வெர்ட்டர் என்று கனமாகும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைப் படம் பார்த்துத் தானே இணைத்து மோட்டாரை ஓட்டிக் காட்டிய பிள்ளைக்கும், யாரோ இணைத்ததை வேடிக்கை பார்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் எந்த ஐடிஐ என்பது முக்கியம்.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பஸ் பாஸ் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர் ஐடிஐ அதில் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள்.

தனியார் ஐடிஐயிலும் நல்லவை உண்டு. ஆனால் பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பட்டறையைப் பாருங்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு யூனிட்டுக்கு 20 பேர் என்பது கணக்கு. எத்தனை யூனிட், எத்தனை பயிற்றுநர் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவியான மெகர் எங்கே என்று கேளுங்கள். அது அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் அங்கே யாரும் இன்சுலேஷன் சோதனை செய்வதில்லை என்று பொருள். "வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இது உயிரோடு விளையாடும் தொழில். கற்காமல் சான்று வாங்கியவன் முதலில் ஆபத்தில் தள்ளுவது தன்னைத்தான்.

அப்ரண்டிஸ்: பலர் விட்டுவிடும் வருடம்

ஐடிஐ முடித்ததும் உடனே சம்பளத்துக்குப் போகிற அவசரம் வீட்டில் வரும். அதில் தப்பில்லை. ஆனாலும் முடிந்தால் இந்த ஒரு வருடத்தை விடாதீர்கள் என்று கெஞ்சிக்கூடக் கேட்பேன். 1961ஆம் வருட தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பெரிய நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற இடங்களில் எலெக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். 2019 விதிப்படி ஐடிஐ சான்று உள்ளவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் தர வேண்டும். முடிவில் தேர்வெழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: பயிற்சி கொடுத்த நிறுவனம் வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. "பெல்லில் அப்ரண்டிஸ் கிடைத்துவிட்டது, இனி பெல்லில்தான் வேலை" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு மனம் உடைந்து போகிறார்கள். அந்த வருடத்தின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ரயில்வேயின் லெவல் 1 பணிகளில் 20 சதவீத இடங்கள் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கென்று ஒதுக்கப்படுகின்றன. உரிம வாரியத்திடம் அனுபவம் காட்ட அது உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயர் மின்னழுத்தம் ஓடும் இடத்தில் பர்மிட் வாங்கி, லைனை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சோதித்த பிறகே கை வைக்கும் பழக்கம் அங்கேதான் வரும். சின்ன சைட்டுகளில் அதைக் கற்றுக்கொடுக்க ஆளிருக்காது.

டிப்ளமோ: யாருக்கு, எதற்கு

பாலிடெக்னிக்கில் ட்ரிபிள் ஈ, அதாவது மின், மின்னணுப் பொறியியல், மூன்று வருடம், ஆறு செமஸ்டர். முதல் வருடத்தில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அழுத்தமாக இருக்கும். அரியர் விழுவதும் அங்கேதான் அதிகம். பத்தாவதில் கணக்கைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய பிள்ளையை, கௌரவத்துக்காக இதில் சேர்த்துவிட்டு மூன்று வருடம் ஐந்து வருடமாக இழுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதே பிள்ளை பட்டறையில் மின்னியிருக்கும்.

பலனைச் சொல்ல வேண்டும் என்றால் ரயில்வே சம்பளத்தை வைத்தே சொல்லலாம். ஐடிஐ தகுதியில் போகும் டெக்னீஷியன் கிரேடு 3, உதவி லோகோ பைலட் இரண்டும் ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 2, தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். டிப்ளமோ தகுதியில் போகும் ஜூனியர் இன்ஜினியர் லெவல் 6, அதாவது 35,400 ரூபாய். லோகோ பைலட் பாதையில் ஓட்டப் படி சேர்வதால் கைக்கு வருவது கூடும் என்றாலும், தொடங்கும் படியில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. தனியார் தொழிற்சாலையிலும் டிப்ளமோக்காரர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக, திட்டப் பொறியாளரின் உதவியாளராகப் போக முடியும். இயந்திரங்களைத் தானாக இயக்கும் பிஎல்சி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி போன்றவற்றில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு டிப்ளமோ தரும் அடிப்படை கைகொடுக்கும். டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம்.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. ஐடிஐ எடுத்தால் டிப்ளமோ கதவு மூடிவிடுவதில்லை. பத்து தேறி இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொத்தம் நான்கு வருடம். நேரடி டிப்ளமோவைவிட ஒரு வருடம் கூடுதல். அந்த ஒரு வருடத்துக்கு ஈடாக, கையில் வேலை தெரிந்த டிப்ளமோக்காரராக வெளியே வருகிறார், இரண்டு சான்றுகளோடு. நடுவில் வீட்டு நிலைமை மாறினாலும் ஐடிஐ சான்று கையில் இருக்கிறது, வேலைக்குப் போய்விடலாம். டிப்ளமோவை இரண்டாம் ஆண்டில் நிறுத்தியவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. பணம் நிச்சயமில்லாத வீடுகளுக்கு இதைவிடப் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: நேரடி இரண்டாம் ஆண்டில் சேருபவர்கள் முதல் வருடக் கணிதத்தைத் தவறவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். சேருவதற்கு முன் இருக்கும் விடுமுறையில் அதைப் படித்துவிட வேண்டும்.

நேரடியாக வேலைக்குப் போனால்

ஒயரிங் காரரிடம் கையாளாகச் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே கூலி. இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. அப்பா படுத்துவிட்ட வீட்டில், தங்கை படிக்கிற வீட்டில், அந்தக் கூலிதான் அரிசி. வேலையும் கற்றுக்கொள்ளலாம்: ஸ்லாப்பில் பைப் போடுவது, சுவரைக் காடி வெட்டி மெட்டல் பாக்ஸ் பதிப்பது, ஒயர் இழுப்பது, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிபி கட்டுவது. வேகமும் சிக்கனமும் சைட்டில் வருவதுபோல் வகுப்பறையில் வராது. பாயிண்ட் கணக்கில் எவ்வளவு பேசினால் கட்டுப்படியாகும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

குறை எங்கே என்றால், சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரிந்ததுதான் தெரியும். அவர் எர்த்துக்குப் பைப்பை ஒரு அடி புதைத்து மூடுபவர் என்றால் கையாளும் அப்படியே கற்பார். ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் செய்பவர் என்றால் அதையும் கற்பார். உடலில் கரண்ட் பாயும்போது 30 மில்லியாம்பியரில் சப்ளையைத் துண்டித்து உயிர் காக்க வைத்த கருவி அது. அதைக் கழற்றும் கை, அந்த வீட்டுக் குழந்தைகளை ஆபத்தில் விட்டுவிட்டு வருகிறது. ஏன் ட்ரிப் ஆகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் எங்கே தொட்டுக்கொள்கின்றன, எந்த கீசரில் கசிவு என்று பிரித்துப் பார்ப்பது முறையான பயிற்சியில்தான் வரும்.

இப்படிப் பல வருடம் வேலை செய்தவர்களுக்கான வழிகள் இவை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. பள்ளிப் படிப்பு கேட்பதில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒயரிங்கில் ஐந்து வருட அனுபவம் காட்ட வேண்டும். அறிவிப்பு நாளிதழ்களின் மாவட்டச் செய்தியில் சின்னதாக வரும், விண்ணப்பம் அரசு ஐடிஐயில் கிடைக்கும். இதுதான் எச் லைசென்ஸுக்கான வாசல். அப்புறம், அனுபவமுள்ளவர்கள் ஐடிஐயில் உட்கார்ந்து படிக்காமலேயே அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேறினால் அதே தேசியத் தொழிற் சான்றிதழ். முப்பது வயதைத் தாண்டியவர்கள்கூட இதை எழுதியிருக்கிறார்கள். வேலை கையில் இருந்தும் தாள் இல்லாமல் நிற்கும் எல்லோரும் பக்கத்து அரசு ஐடிஐயில் ஒருமுறை போய் விசாரிக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த பிறகு பதிவு செய்ய முடியாது.

எங்கே போக ஆசை என்பதை வைத்துப் பார்த்தால்

மின்வாரியம் பலருக்குக் கனவு. 2024இல் வாரியம் பிரிக்கப்பட்ட பிறகு விநியோகத்தைப் பார்ப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். 2025இல் அதன் கள உதவியாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி மூலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அறிவிக்கப்பட்டன. கேட்டது ஐடிஐ தகுதியைத்தான். கம்பம் ஏறும் உடல்திறன் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாக, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கம்பம் ஏறி "பிறகு நிரந்தரமாகிவிடும்" என்று காத்திருப்பதைவிடத் தேர்வுக்குப் படிப்பது மேல். எல்.சி., அதாவது லைன் நிறுத்தப்பட்டதற்கான அனுமதி, வாங்கியது உறுதியாகாமல் யார் சொன்னாலும் லைனில் கை வைக்கக் கூடாது.

உதவி லோகோ பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளை படிப்பைத் தொடங்கும் முன்பே கண்ணைச் சோதித்துவிடுவது நல்லது. அதற்கு ஏ-1 மருத்துவத் தகுதி கேட்பார்கள்: கண்ணாடியில்லாமல் முழுப் பார்வை, நிறக் குறைபாடு கூடாது, பார்வையைச் சரிசெய்யும் லேசிக் அறுவை சிகிச்சை செய்திருக்கவும் கூடாது. 2024 அறிவிப்பில் இடங்கள் 18,799ஆக உயர்ந்தபோது எழுத்துத் தேர்வு முழுக்கத் தேறி மருத்துவத்தில் நின்றவர்களின் வலி பெரிது. நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஒயரிங் வேலையே ஆபத்து என்பதால் இந்தச் சோதனை எல்லோருக்குமே தேவை.

தென், மேற்கு மாவட்டத்தவர்கள் காற்றாலையையும் சூரிய மின்சக்தியையும் மறக்க வேண்டாம். முப்பந்தல், கயத்தாறு, உடுமலை வட்டாரக் காற்றாலைகளின் பராமரிப்புக்கு எலெக்ட்ரீஷியன்கள் தேவை. உயரத்துக்குப் பயப்படாதவர்களுக்கு நல்ல இடம். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பதால் அந்த வேலை பெருகியிருக்கிறது. ஐடிஐ முடித்தவர்களுக்கு சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம். வீட்டு ஒயரிங் மட்டும் தெரிந்தவர் தகட்டிலிருந்து வரும் டிசி (நேர் மின்சாரம்) பக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயில் இருக்கும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், மெயினை நிறுத்தினாலும் அது நிற்காது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் ஆகாது என்று இன்னும் சொல்கிறார்கள். கோவையின் மோட்டார், பம்ப் தொழிற்சாலைகளில் வைண்டிங் பிரிவையும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளையும் போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சு எவ்வளவு பழையது என்று தெரியும்.

வளைகுடா போக நினைப்பவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே பெரிய பாதுகாப்பு. அது இருந்தால் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை வராது. பத்தை முடிக்காமல் கையாளாகப் போனவர்களுக்கு அது வரும். சவூதிக்கு எலெக்ட்ரீஷியனாகப் போகிறவர்கள் இப்போது திறன் சரிபார்ப்புத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். அதில் ஐடிஐ படித்தவருக்குத் திணறல் இல்லை. ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் ஜிஎஸ்டியும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களை அனுப்புகிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

எந்த வழியானாலும் விண்ணப்பிக்கும் நாளில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, ஆதார், ஐடிஐ அல்லது பாலிடெக்னிக் விண்ணப்பம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் முன்னால் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் இப்போதே திருத்துவது சுலபம். தொழிற் சான்றிதழ் அச்சாகி வந்தபின், லைசென்ஸுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலையும்போது அதே திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும்.